மருந்தே கொடுக்கவில்லை என்றார்கள்

அமுதவல்லி சிஸ்டர் யாரையும் நம்ப மாட்டாள். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் ஒத்துக்கொள்வாள், கொஞ்சம் பெருமையாகக்கூட. காய்கறிக்காரர் தக்காளியை எடுத்துப் போடும்போது அவள் கண் தக்காளியில் இருக்காது, அவர் கையில் இருக்கும். லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போகும் கணவர் கண்ணுசாமி பல் விளக்கியாயிற்று என்று சொன்னால், பிரஷ்ஷைத் தொட்டு ஈரம் பார்த்துவிட்டுத்தான் காபியை நீட்டுவாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த மனிதர் இதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார், பாவம். நாமக்கல்லில் அவள் வேலை பார்க்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சின்ன நர்சுகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் சிஐடி. அது அவளுக்குத் தெரியும். முதலில் சொன்னது யார் என்பதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேட்டூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வாந்தியோடு வந்தது. கொய்யாக்காய் தின்றுவிட்டது என்றார்கள். நம்பினாள். செடிக்கு அடிக்கும் மருந்து டப்பாவின் மூடியில் அந்தக் குழந்தை தண்ணீர் மொண்டு குடித்த கதை சாயங்காலம்தான் வெளியே வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்காரர் திட்டுவார் என்று பயந்து அந்த அம்மா மறைத்திருக்கிறாள். பயத்தில் சொன்னாலும் பொய் பொய்தான், குழந்தை போனது போனதுதான்.

அன்றைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். ஒரே கேள்வியை வீட்டு ஆட்கள் மூன்று பேரிடம், தனித்தனியாக, மூன்று தடவை கேட்க வேண்டும். ஒன்பது பதிலும் ஒன்றாக இருந்தால் அப்புறம் யோசிக்கலாம். இந்தக் கணக்கால் பிழைத்த பிள்ளைகள் பலர். ஏச்சு வாங்கிய நாட்கள் அதைவிட அதிகம்.

இந்தச் சித்திரையில் கவினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எட்டு வயது. மோகனூர் போகும் வழியில் இரண்டு கோழிக் கொட்டகை வைத்திருக்கும் தமிழரசின் மூத்த பிள்ளை. ஐந்து நாளாக அம்மை. கொப்புளங்கள் காய ஆரம்பித்து, காய்ச்சலும் விட்டு, பையன் எழுந்து உட்கார்ந்து மோர்ச்சோறு கேட்டிருக்கிறான். வீடே அப்பாடா என்று இருந்திருக்கிறது. மறுநாள் விடியும்போது வாந்தி. குடித்த தண்ணீர் வயிற்றில் தங்கவில்லை. எட்டு மணிக்கெல்லாம் பெற்ற தாயை அடையாளம் தெரியவில்லை. தொட வந்த கையைக் கடித்தான், சுவரில் முட்டினான், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கத்தினான். வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆத்தா அவன் மேல் இறங்கிவிட்டாள் என்று கற்பூரம் காட்டினார்கள். ஆட்டம் அடங்கி அவன் துவண்டு விழுந்த பிறகுதான் காரை எடுத்திருக்கிறார்கள். கேட்ட அமுதவல்லிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் அம்மை கண்ட வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு, அந்தக் கற்பூரம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும்தான்.

டாக்டர் ஜெயபிரகாஷ் சின்ன வயதுக்காரர், ஆனால் அவசரப்பட மாட்டார். பையனின் ஈரல் வீங்கியிருந்தது, ஆனால் கண்ணில் மஞ்சள் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஈரல் வடிகட்ட வேண்டிய அம்மோனியா ரத்தத்தில் ஏறிக் கிடந்தது. மத்தியானம் எல்லாப் பரிசோதனைத் தாளும் வந்தபின் அமுதவல்லியை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். ரை சிண்ட்ரோம் மாதிரி இருக்கிறது என்றார். படிக்கும்போது புத்தகத்தில் பார்த்ததாம், நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். அம்மையோ விஷக் காய்ச்சலோ வந்த பிள்ளைக்கு ஆஸ்பிரின் உள்ளே போனால், எப்போதோ ஒரு பிள்ளைக்கு, குணமாகிற நேரத்தில் ஈரல் கெட்டு மூளை வீங்கும்.

"ஆஸ்பிரின் போயிருந்தா இதுதான்னு முடிவு பண்ணலாம். போகலைன்னா மூளைக் காய்ச்சலா, விஷமான்னு தேடணும். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கணும். மூளை வீங்கியிருக்கிற பையனுக்கு அது உயிரோட விளையாடறது. நாளைக்குள்ள எனக்குத் தெரியணும் சிஸ்டர்."

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்றும் பேசினார்கள். வண்டியில் குலுங்கினால் தலைக்குள் அழுத்தம் கூடிவிடும், இப்போதைக்கு அசைக்க வேண்டாம் என்று முடிவானது.

ஆக, கவின் அவள் பொறுப்பு. தனி அறை, மூடிய கதவு, இழுத்துவிட்ட திரை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கழுத்து ஒரு பக்கமும் சாயாமல் துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்தாள். மூளையில் வீக்கம் இருக்கும் பிள்ளைக்குச் சத்தமும் சீண்டலும் ஆகாது. அதனால் எல்லா வேலையையும் சேர்த்துச் செய்தாள். மணிக்கு ஒரு முறை போய், டார்ச் அடித்துக் கண்ணின் கருமணி சுருங்குகிறதா என்று பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, சிறுநீர் அளந்து, திருப்பிப் படுக்கவைத்து, ஒரே தடவையில் முடித்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். குத்திய இடத்தைப் பஞ்சால் ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிப்பாள். ஈரல் கெட்டால் ரத்தம் லேசில் உறையாது. சர்க்கரைத் தண்ணீரும் வீக்கத்தை இழுக்கும் மருந்தும் நரம்பில் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தன. நினைவில்லாத பிள்ளைக்கு என்ன கேட்கப்போகிறது என்று சின்ன நர்சுகள் நினைத்தார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் தாழ்ந்த குரலில், கவினு, ஒரு ஊசி குத்தப்போறேன் கண்ணு, என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். அவள் சொல்லாமல் செய்த காரியம் என்று பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றும் கிடையாது.

மணிக்கும் மணிக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் விசாரணை.

முதலில் தாய் தனப்பிரியா. அழுது முகம் வீங்கியிருந்தது. மருந்து எதுவும் கொடுத்தீர்களா என்றதும் பதறிப்போனாள். அம்மை போட்ட வீட்டில் மருந்தா? தாளிக்கக்கூட இல்லையாம், வாசலில் வேப்பிலை செருகிவிட்டு வெளியாள் ஒருவரையும் அண்டவிடவில்லையாம். பேசும்போது கை மடியிலிருந்த கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தது. அமுதவல்லிக்கு அது போதாதா? பிள்ளையின் துணி வேண்டும் என்று சாக்குச் சொல்லிக் கூடையைத் துழாவினாள். அடியில் ஒரு பாட்டில், உள்ளே மஞ்சள் தண்ணீர். திறந்து முகர்ந்தாள், துளி நாக்கில் வைத்தாள். மஞ்சளும் வேப்பிலையும். கோயில் தீர்த்தம். ஆஸ்பத்திரியில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஒளித்துவைத்திருக்கிறாள். சரி, இவள் இல்லை.

அடுத்தது தமிழரசு. அவனிடம் கேட்கப் போனவள் கேட்டும் கேட்காமலும் திரும்பினாள். வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்து, ஆறடி ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்றாள். இல்லீங்க சிஸ்டர் என்று அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவளுக்கு மனசு இளகிவிட்டது. ஒரே தடவை, ஒரே பதில், அத்தோடு விட்டாள். கேன்டீனிலிருந்து டீயும் வரவழைத்துக் கொடுத்தாள். அவள் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததாக ஆஸ்பத்திரியில் சரித்திரமே இல்லை.

மூன்றாவது ஆள் பையனின் அப்பாரு, அதாவது தமிழரசின் அப்பா அர்த்தநாரி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததிலிருந்து அவர் அமுதவல்லியை முறைத்துக்கொண்டிருந்தார், அமுதவல்லி அவருடைய சட்டைப் பையை முறைத்துக்கொண்டிருந்தாள். பையில் மாத்திரை அட்டை ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. இருதயத்தில் அடைப்பு எடுத்தவர் என்று மருமகள் சொல்லியிருந்தாள். இருதயக்காரர்களுக்குத் தினம் எழுதித்தரும் மாத்திரை என்ன? ஆஸ்பிரின். அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

அட்டையைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றாள். எதற்கு என்றார். அவள் சுற்றி வளைக்கவில்லை. பேரனுக்குக் காய்ச்சல் தாங்காமல் ஒன்று கொடுத்தீர்களா என்று கேட்டாள். கிழவர் முகம் சிவந்தது. எடுத்து அவள் கையில் வீசினார். முழு அட்டை, ஒன்றுகூடக் குறையவில்லை. அது இன்னும் மோசம் அல்லவா? தினமும் விழுங்க வேண்டியவரின் அட்டை ஏன் முழுசாக இருக்கிறது? பழைய அட்டை எங்கே? அதையும் கேட்டாள், மூன்று தடவை, மூன்று விதமாக.

"ஆத்தா இருக்கற ஊட்டுல நானே மாத்தர முழுங்கல அம்மிணி. அஞ்சு நாளா நெஞ்சப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கறன். நானா பேரனுக்குக் குடுப்பேன்?"

இதைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இனி இந்தப் பொம்பளையோடு எனக்குப் பேச்சில்லை என்று திரும்பி உட்கார்ந்துவிட்டார். அமுதவல்லி நம்பவில்லை. கோபப்படுகிற கிழவர்கள் எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. அவர்தான், அவரேதான், நாளைக்கு வாயிலிருந்து பிடுங்கிவிடலாம் என்று உள்ளுக்குள் முத்திரை குத்திவிட்டாள். டாக்டரிடமும் அப்படியே சொன்னாள். சந்தேகம் போதாது, ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார் அவர்.

மறுநாள் காலை கவினின் நிலை இம்மியும் நகரவில்லை. விடிகாலையில் ஒரு தடவை வலிப்பு வந்து நின்றிருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்குள் ஒன்றும் தெரியாவிட்டால் முதுகுத்தண்டு ஊசிக்கு ஏற்பாடு செய்துவிடலாம் என்றார். 

ஒன்பதரைக்குத் தமிழரசு வந்தான். கோழிகளுக்குத் தீனி போட விடியலில் ஊருக்குப் போயிருந்தான். வெயிலில் கோழிகள் செத்து விழுகின்றன, விட்டுவிட்டு இருக்க முடியாது. குளித்து, சட்டை மாற்றி, கையில் ஒரு லிட்டர் பாட்டிலோடு வந்தான். பணிவாகத்தான் கேட்டான். மூக்கில் குழாய் போட்டிருக்கிறீர்களே, அதில் கொஞ்சம் இளநீர் விடலாமா? சூடு தணியும்.

அப்படியெல்லாம் எதுவும் விடக் கூடாது என்று பாட்டிலை வாங்கினாள். வாங்கிய கை சும்மா இருக்குமா? ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இளநீர் கலங்கலாகத்தான் இருக்கும், அது வேறு. இதில் அடியில் விரல்கடை உயரத்துக்கு வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. குலுக்கினாள். கரைந்து மேலே வந்து மறுபடி இறங்கியது.

"இதுல என்ன கலந்திருக்கு?"

"பொடிங்க. கோழிக்குப் போடறது. கத்திரி வெயில்ல கோழிக்குச் சூடு ஏறாம இருக்கத் தண்ணியில கலக்குவமுங்க. இவனுக்கும் அதான் எளநியில ரெண்டு சிட்டிக போட்டுக் குடுத்தன், மூணு நாளா. நல்லாக் கேட்டுதுங்களே, காச்சலே உட்டுருச்சு."

பொய் சொல்கிறவன் முகம் இல்லை அது. ஒளிக்கிறவன் குரலும் இல்லை. மருந்து கொடுத்தாயா என்று கேட்டால் இல்லை என்பான், நூறு தடவை கேட்டாலும் இல்லை என்பான். அம்மை என்பது சூடு, சூட்டுக்குக் குளிர்ச்சி கொடுத்தான், அவ்வளவுதான் அவன் மனசில். மருந்து மனிதனுக்கு, ஆஸ்பத்திரியில் கொடுப்பது. இது கொட்டகையில் இருக்கும் குளிர்ச்சிப் பொடி. ஆத்தாளுக்கு இதில் என்ன கோபம் வரும் என்று நினைத்திருக்கிறான்.

 அமுதவல்லியின் தம்பியும் கோழிக் கொட்டகை வைத்திருப்பவன்தான். வெயில் நாளில் தண்ணீர்த் தொட்டியில் அவன் கலக்கும் பொடி என்ன என்று ஒருநாள் பையை வாங்கிப் படித்தவள்தானே அவள்? ஆஸ்பிரின். இத்தனை தெரிந்தும், அழுகிறான் என்று இரக்கப்பட்டு ஒரே கேள்வியோடு விட்டுவிட்டுப் போய், குற்றமில்லாத கிழவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

பொடிப் பையைப் படம் எடுத்து அனுப்பச் சொல் என்றாள். வீட்டில் இருந்த தங்கை தேவிப்ரியாவுக்கு அவன் போன் போட்டான். படம் வந்தது. டாக்டர் பெரிதாக்கிப் பார்த்தார், சின்ன எழுத்தில் இருந்தது அதே பெயர்தான். முதுகுத்தண்டு ஊசி வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டார். பெருமூச்சு விடலாம் என்று அமுதவல்லி திரும்பினால், தமிழரசு தட்டுத்தடுமாறி இன்னொன்றைச் சொல்கிறான். சின்னவள், கவினின் தங்கை கனிஷ்காவுக்கு, நாலு வயசு, முந்தாநாள் சாயங்காலம் அம்மை போட்டுவிட்டது. இன்றைக்குக் காலையில் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுத்தான் வந்தானாம். மத்தியானத்துக்கு இன்னொன்று கலந்து மூடிவைத்திருக்கிறதாம்.

அதைக் கொட்டச் சொல்லியாயிற்று. ஆனால் குழந்தையை உடனே இங்கே கொண்டுவந்து தனியாக வைத்துக் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். தேவிப்ரியா போனிலேயே மறுத்துவிட்டாள். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றாமல் அம்மைக் குழந்தையை வாசற்படி தாண்டவிடுவதா? ஐயன் சொன்னால் தூக்கி வருகிறேன், இல்லாவிட்டால் மாட்டேன். தமிழரசு அப்பாவிடம் போய்ச் சொல்லும் தெம்பில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, நான்தானா, நான்தானா என்று கேட்டபடி நின்றான்.

ஐயன் என்பது அர்த்தநாரி. அமுதவல்லியிடம் பேச்சில்லை என்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

அவள் போய் அவர் முன்னால் நின்றாள். பெஞ்சில் உட்காரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள், மகன் கொடுத்தது தெரியாமல் கொடுத்தது என்பதையும் சேர்த்து.

"உங்களத் தப்பா நெனச்சது எங் குத்தமுங்க ஐயா. என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. சின்னதத் தூக்கியாரச் சொல்லுங்க."

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். நேற்று அவள் அவரைப் பார்த்த அதே பார்வை. கோழிப்பொடியில் பையனுக்கு இப்படி ஆகுமா, நிசமா என்றார். நிசம் என்றாள். கொஞ்சம் விட்டு, ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்வது எல்லாம் நிசமாக இருக்குமா என்றார். இது நிசம் என்றாள். மூன்றாவது தடவை, என் கண்ணைப் பார்த்துச் சொல்லு என்றார். பார்த்துச் சொன்னாள். எரிச்சல் வரவில்லை. தான் கேட்டால் ஒருவருக்கு எப்படி இருக்கும் என்பதை ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாகத் தெரிந்துகொண்டாள்.

அவர் போனை வாங்கி மகளிடம் பேசினார். வேப்பிலையைப் பரப்பி மடியில் படுக்கவைத்துக்கொண்டு வா என்றார். ஆத்தாளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

கனிஷ்கா முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தாள். வேப்பிலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, உடம்பெல்லாம் கொப்புளம், பிஸ்கட் வேண்டும் என்று ஒரே ரகளை. அந்த ரகளையைக் கேட்கக் கேட்க அமுதவல்லிக்கு உயிர் வந்தது. இருந்தாலும் நம்பிவிடுவாளா? மணிக்கொரு தடவை சர்க்கரை பார்த்தாள், வாந்தி வருகிறதா என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாள் பார்த்தும் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அர்த்தநாரியையும் விடவில்லை. காலையில் மாத்திரையை அவர் கையில் வைத்து, விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். அவரும் முனகிக்கொண்டே காட்டினார்.

தனப்பிரியாவிடம் அமுதவல்லி எதுவும் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும் என்று தமிழரசிடம் சொல்லிவிட்டாள். அவன் சொன்னான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளிவைத்தாள்.

ஐந்தாம் நாள் பத்தரை மணிக்கு, வழக்கம்போல, கவினு டார்ச் அடிக்கறேன் கண்ணு என்று சொல்லிக் குனிந்தவளின் கையை அந்தப் பையன் தட்டிவிட்டான். எரிச்சலோடு தட்டினான். அவள் திரைப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டாள். அம்மாவை அடையாளம் தெரிந்தது. அப்பாரு எங்கே என்றான். மறுநாள் சாயங்காலம் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, கரண்டியால் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

முதல் கரண்டியை அப்பனே கொடுக்கட்டும் என்று அமுதவல்லி சொன்னாள். தமிழரசு டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து வைத்தான், கையைக் கழுவிக்கொண்டு வந்தான், கட்டிலோரம் உட்கார்ந்து கரண்டியை நீட்டினான். கவின் உதட்டைத் திறக்கவில்லை. வீட்டில் மூன்று நாளும் கசக்குது கசக்குது என்று அழுதவனை, ஒரே மடக்குதான் சாமி என்று கெஞ்சிக் குடிக்கவைத்தது அதே கைதான்.

"பொடி போட்டிருக்காப்பா?"

குரல் நூல் மாதிரி இருந்தது.  தமிழரசு கரண்டியை டம்ளருக்குள் இறக்கிவிட்டான். பையன் அப்பாவைப் பார்த்தான், அப்புறம் தலையை மெல்லத் திருப்பி அமுதவல்லியைப் பார்த்தான்.

வெறும் தண்ணிதான் கண்ணு, பயப்படாமக் குடி என்றாள் அவள். அடித்துச் சொன்னாள். தமிழரசு கை கழுவப் போயிருந்தபோது, அந்த டம்ளரிலிருந்து ஒரு மடக்கு அவளே குடித்துப் பார்த்திருந்தாள்.

கவின் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான்.